உயிர் பிழைக்கச் சொன்ன பொய்

(பட்டிமன்றத் தலைப்பு: “பொய் சொல்வது எந்நிலையிலும் குற்றமே! – இல்லை, நிலை அறிந்தே தீர்ப்புச் சொல்ல வேண்டும்!” இரண்டாம் அணியில் ஆற்றிய உரை.)

நடுநிலை தவறாமல் தீர்ப்பு வழங்க வந்திருக்கும் நடுவர் ஐயா அவர்களே! இவ்வளவு நேரம் வெளுத்து வாங்கிவிட்டு, இப்போது அமைதியாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் எதிரணிச் சகோதரி அவர்களே! எங்கள் அணித் தலைவர் அண்ணன் அவர்களே! அரங்கம் நிறைந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! வீட்டிலே குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் நேயர்களே! 

எதிரணிச் சகோதரி ரொம்ப அழகாப் பேசினாங்க. அரிச்சந்திரனைக் கூட்டிட்டு வந்தாங்க. மயானத்துல நிக்க வெச்சாங்க. சந்திரமதியை அழ வெச்சாங்க. முன்வரிசையில ரெண்டு பாட்டிமார் முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டதை நானே பார்த்தேன். கடைசியில, “பொய்யில சின்னப் பொய், பெரிய பொய்னு கிடையாது, எல்லாமே குற்றந்தான்”னு அடிச்சுச் சொல்லிட்டு உட்கார்ந்தாங்க. உட்கார்ந்ததும் நான் மெதுவாக் கேட்டேன், “அம்மா, என் பேச்சு எப்படி இருக்கும்?” உடனே சொன்னாங்க, “ரொம்ப நல்லா இருக்கும்!” நான் இன்னும் பேசவே ஆரம்பிக்கலையே! (சிரிப்பு)

நடுவர்: அது பொய் இல்லைய்யா, மரியாதை!

அதைத்தான் ஐயா நானும் சொல்ல வந்தேன். ஒரு சொல்லை மட்டும் தனியாப் பிச்சு எடுத்து, இது உண்மை, இது பொய்னு சொல்லிட முடியாது. யார் கேட்டாங்க, எதுக்குக் கேட்டாங்க, அதையும் சேர்த்துப் பார்க்கணும்.

ஒன்றை முதல்லயே தெளிவாச் சொல்லிடறேன். கடன்காரர் வாசல்ல நிக்கும்போது, “அப்பா வீட்ல இல்லைன்னு சொல்லுடா”ன்னு பிள்ளையை அனுப்புற அப்பாவுக்கு வக்காலத்து வாங்க நான் வரலை. (சிரிப்பு) எடை குறைச்சுப் போட்டுட்டு சரியா இருக்குன்னு சொல்ற கடைக்காரருக்கும் நான் வக்கீல் இல்லை. அதெல்லாம் குற்றந்தான். இந்தத் தலைப்பில் ஒரே ஒரு சொல்தான் எனக்குப் பிரச்சினை. “எந்நிலையிலும்” என்கிறார்களே, அந்தச் சொல். அந்தச் சொல்லை ஒரு இடத்துக்குக் கொண்டுபோய் வைத்துப் பார்க்கப் போகிறேன். அங்கே சிரிப்பு கிடையாது. நீங்களும் என்னோடு கொஞ்ச தூரம் வர வேண்டும்.

அந்த இடத்தின் பெயர் ஆஷ்விட்ஸ். இரண்டாம் உலகப் போரின்போது ஹிட்லரின் ஜெர்மனி பிடித்து வைத்திருந்த போலந்து நாட்டில் அமைந்த வதைமுகாம். ஐரோப்பா முழுவதும் நாஜிகள் கொன்ற யூதர்கள் சுமார் 60 லட்சம் பேர். அதில் ஆஷ்விட்ஸில் மட்டும் ஏறக்குறைய 10 லட்சம். யூதர் அல்லாத போலந்துக்காரர்கள், ரோமா மக்கள், சோவியத் போர்க்கைதிகள் எல்லோரையும் சேர்த்தால் அந்த ஒரே முகாமில் 11 லட்சம் உயிர்கள்.

1944-ஆம் வருஷம் மே மாதம். ஹங்கேரியிலிருந்து ரயில் ரயிலாக யூதர்களை ஏற்றுகிறார்கள். ஆடுமாடு ஏற்றும் பெட்டி. எட்டு வாரத்துக்குள் 4 லட்சத்து 37 ஆயிரம் பேர். பெரும்பாலோரைக் கொண்டுபோய் இறக்கிய இடம் ஆஷ்விட்ஸ். சிகெட் என்று ஒரு ஊர், இன்றைக்கு ருமேனியாவில் இருக்கிறது. அங்கிருந்து ஒரு குடும்பம் வந்து இறங்குகிறது. அம்மா, அப்பா, பெண் பிள்ளைகள், ஒரு பையன். பையனுக்கு வயது 15. பெயர் எலீ வீசல்.

ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்று பிரித்துவிட்டார்கள். அம்மாவும் கடைசித் தங்கையும் நடந்து போவதைப் பையன் பார்க்கிறான். அதுதான் கடைசியாகப் பார்த்தது என்று அவனுக்கு அப்போது தெரியாது. கூட்டத்துக்குள் ஒரு பழைய கைதி வருகிறார். வயது என்ன என்று கேட்கிறார். பையன் உண்மையைச் சொல்கிறான். “இல்லை, உனக்குப் பதினெட்டு” என்கிறார் அவர். அப்பாவிடம் கேட்கிறார். அவர் 50 என்கிறார். “இல்லை, உங்களுக்கு நாற்பது” என்கிறார். சொல்லிவிட்டுக் கூட்டத்தில் மறைந்துவிட்டார். அவர் பேர் என்ன, பிறகு என்ன ஆனார், பையனுக்குக் கடைசிவரை தெரியாது. புதிதாக வந்தவர்களை இப்படி எச்சரிப்பது தெரிந்தால் எச்சரித்தவர் உயிர் போகும். ஆனாலும் சொன்னார்.

வரிசை நகர்ந்தது. எதிரே ஒரு அதிகாரி, கையில் ஒரு சிறு கோல். வயதைக் கேட்டார். பையன் பதினெட்டு என்றான். உடம்பு எப்படி? நன்றாக இருக்கிறேன். என்ன தொழில்? அதுவரை வேதம் படித்துக்கொண்டிருந்த மாணவன் அவன். வாயிலே வந்தது “விவசாயி”. அதிகாரியின் கோல் அசைந்தது. அந்தப் பக்கம் உயிர்.

ஐயா, ஏன் இந்தப் பொய் தேவைப்பட்டது? அந்த ரயில் மேடையில் ஆட்களை இரண்டாகப் பிரித்தார்கள். உழைப்பைப் பிழிந்தெடுக்க முடிகிறவர்கள் ஒரு பக்கம். குழந்தைகள், குழந்தையைக் கையில் வைத்திருக்கும் தாய்மார்கள், வயதானவர்கள், நோயாளிகள் மறு பக்கம். மறு பக்கம் போனவர்களில் பெரும்பாலோர் அன்றைக்கே விஷவாயு அறைக்குள். சில வயது கூடக்குறையச் சொன்னால் அங்கே ஒரு உயிர். நமக்கு வயது என்றால் பள்ளிக்கூடச் சான்றிதழில் இருக்கிற ஒரு தேதி. அந்த மேடையில் வயது என்றால் தீர்ப்பு.

எதிரணிச் சகோதரியிடம் பணிவாகக் கேட்கிறேன். நீங்களும் ஒரு தாய். அந்த வரிசையில் நிற்பது உங்கள் பிள்ளையாக இருந்தால் என்ன சொல்லிக் கொடுத்திருப்பீங்க? “கண்ணா, உண்மையே பேசு, பதினைஞ்சுன்னு சொல்லு”ன்னு சொல்லியிருப்பீங்களா? சொல்லியிருக்க மாட்டீங்க. எனக்குத் தெரியும். (கைத்தட்டல்)

வயதில் மட்டும் இல்லை. தொழிலிலும் பொய். முகாமுக்குள் படிப்புக்கு மதிப்பே கிடையாது. கைத்தொழில் தெரிந்தவனுக்குத்தான் கூரைக்குக் கீழே வேலை. மற்றவன் பனியில் கல் சுமந்தே சாக வேண்டும்.

ஜெர்மனியில் புக்கன்வால்ட் என்று இன்னொரு முகாம். 1944 ஜனவரியில் ஹோர்ஹே செம்ப்ரூன் என்ற ஸ்பெயின் நாட்டு இளைஞரைக் கொண்டுவருகிறார்கள். 20 வயது. பிரான்ஸில் நாஜிகளை எதிர்த்துப் போராடிப் பிடிபட்டவர். பதிவேட்டில் பெயர் எழுதுகிறவரும் ஒரு கைதிதான், ஜெர்மன்காரர். தொழில் என்ன? “மாணவன்.” எழுத்தர் சொல்கிறார், இங்கே அது ஒரு தொழிலே இல்லையப்பா. இளைஞர் விடவில்லை. தத்துவம் படிக்கிறேன், மாணவன் என்றே எழுதுங்கள் என்று பிடிவாதம். இளரத்தம் இல்லையா! எழுத்தர் எதையோ எழுதி அனுப்பிவிட்டார்.

செம்ப்ரூன் பிழைத்தார். எழுத்தாளர் ஆனார். 1988-லிருந்து 1991 வரை ஸ்பெயினின் கலாசார அமைச்சராக இருந்தார். அவர் எழுதியதன்படி, 1992-ல் அந்த முகாமைப் பார்க்கப் போனபோதுதான் தம் பதிவு அட்டையில் என்ன எழுதியிருந்தது என்று தெரிந்ததாம். ஜெர்மன் மொழியில் மாணவன் என்றால் “ஸ்டுடென்ட்”. அட்டையில் இருந்தது “ஸ்டுக்காடோர்”. சுவரிலும் கூரையிலும் சுதை வேலை செய்கிறவர் என்று அர்த்தம். முதல் இரண்டு எழுத்து ஒன்றுதான், மிச்சம் மாறியிருக்கிறது. மாணவன் என்று போயிருந்தால் உயிருக்கே ஆபத்தான வேலைக்கு அனுப்பியிருக்கலாம். இந்தப் பையன் வாயால் பொய் வராது என்று தெரிந்ததும், அந்த எழுத்தர் பேனாவால் அவனுக்காகப் பொய் சொல்லிவிட்டார். கிட்டத்தட்ட 48 வருஷம், தம்மைக் காப்பாற்றியது ஒரு பொய் என்பதே அவருக்குத் தெரியாது!

அடுத்தது உடம்பு. முகாமுக்குள் போன பிறகும் மறுபடி மறுபடி பிரிப்பார்கள். மெலிந்தவன், காய்ச்சல்காரன், நொண்டி நடக்கிறவன் தனி. முகம் வெளுத்திருந்தால் போச்சு. அதனால் பெண்கள் விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கன்னத்தில் தடவிக்கொண்டு போனார்கள். கன்னத்தைக் கிள்ளிச் சிவக்க வைத்துக்கொண்டார்கள். வாய் சொன்னால் போதாது, முகமும் பொய் சொல்ல வேண்டியிருந்தது. நம்ம ஊரில் உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லி லீவு போடுவோம். அங்கே உடம்பு நன்றாக இருக்கிறது என்று பொய் சொல்லி வேலைக்குப் போனார்கள்.

கிசெல்லா பெர்ல் என்று ஒரு பெண் மருத்துவர். அதே சிகெட் ஊர்க்காரர். பிரசவ மருத்துவம் படித்தவர். கர்ப்பிணிகள் யார் என்று சொன்னால் வேறு முகாமுக்கு அனுப்புவோம், நல்ல சாப்பாடு, பால் எல்லாம் உண்டு என்று ஜெர்மானியர்கள் அறிவித்தார்கள். நம்பிக் கைதூக்கிய பெண்களுக்கு என்ன நடந்தது என்பதைப் பெர்ல் தம் கண்ணாலேயே பார்த்தார். அத்தனை பேரையும் கொன்றார்கள். அன்றைக்கு ஒரு முடிவெடுத்தார். இந்த முகாமில் கர்ப்பிணி என்று ஒருத்தி இருக்கக் கூடாது. இரவில், இருட்டில், மருந்தும் கருவியும் இல்லாமல், கருவைக் கலைத்துத் தாயைக் காப்பாற்றினார். பிள்ளை பிறக்க உதவ வேண்டிய கை அதைச் செய்தது. அந்த வேதனையை அவர் மறைக்கவில்லை. போர் முடிந்த பிறகு, 1948-ல் தம் புத்தகத்தில் எழுதினார். அமெரிக்கா போய் மறுபடியும் பிரசவம் பார்க்கிற மருத்துவராகவே வாழ்ந்தார்.

இந்த இடத்தில் நிறுத்திப் பாருங்கள் ஐயா. பாலும் ரொட்டியும் தருகிறோம் என்றவன் சொன்னதும் பொய். இங்கே கர்ப்பிணி யாரும் இல்லை என்று காட்டியதும் பொய். இரண்டையும் ஒரே தராசில் வைத்து, எல்லாம் பொய்தான், எல்லாம் குற்றந்தான் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அந்த முகாமே பொய்யின் மேல்தான் கட்டப்பட்டிருந்தது. வாசலில் இரும்பு எழுத்தில், உழைத்தால் விடுதலை என்று எழுதியிருந்தார்கள். விஷவாயு அறையைக் குளியலறை என்றார்கள். கொலைக்குக் காகிதத்தில் அவர்கள் வைத்த பெயர் “சிறப்பு நடவடிக்கை”. ட்ரெப்ளிங்கா என்ற முகாமில் போலியாக ஒரு ரயில் நிலையமே கட்டினார்கள். டிக்கெட் ஜன்னல் உண்டு. கடிகாரம் உண்டு, ஆனால் ஓடாது, வெறும் ஓவியம்! தெரேசியன்ஸ்டாட் என்ற இடத்துக்கு 1944 ஜூன் 23-ஆம் தேதி செஞ்சிலுவைக்காரர்கள் பார்வையிட வந்தார்கள். அதற்கு முன்பே கூட்டம் தெரியக்கூடாது என்று ஆயிரக்கணக்கானவர்களை ஆஷ்விட்ஸுக்கு ரயிலேற்றிவிட்டு, வீதிக்குச் சுண்ணாம்படித்து, பூச்செடி வைத்து, குழந்தைகளைப் பாட வைத்துக் காட்டினார்கள். வந்தவர்கள் பார்த்துவிட்டுப் போனார்கள். அந்த இலையுதிர் காலத்திலேயே மறுபடி ரயில் ஓடியது.

இவ்வளவு பெரிய பொய்யைக் கட்டி வைத்தவன், எதிரே நிற்கிற பிள்ளையைப் பார்த்து, “உண்மையைச் சொல், உன் வயது என்ன?” என்கிறான். அந்த உண்மையைக் கேட்க அவனுக்கு என்ன உரிமை இருக்கிறது? உடம்பில் இருந்த துணியைப் பறித்தான். தலைமுடியை மழித்தான். ஆஷ்விட்ஸில் பேரைப் பறித்துவிட்டுக் கையில் எண்ணைப் பச்சை குத்தினான். வாய்க்குள் இருந்த ஒரு சொல் மட்டும்தான் அந்த மனிதனுக்குச் சொந்தமாக மிச்சம் இருந்தது. அதையும் கொடுத்துவிட வேண்டுமா? (கைத்தட்டல்)

சகோதரி அரிச்சந்திரனைச் சொன்னாங்க. நானும் அரிச்சந்திரனைக் கும்பிடுகிறவன்தான். ஆனால் அவன் தானாகக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினான். அவனைச் சோதித்தவர் விசுவாமித்திரர், ஒரு முனிவர். சோதனை முடிந்ததும் நாடு திரும்பி வந்தது. லோகிதாசன் தூங்கி எழுந்தவன் மாதிரி எழுந்து வந்தான். ஆஷ்விட்ஸில் கேட்டவன் முனிவன் இல்லை. அங்கே போன பிள்ளை ஒன்றுகூட எழுந்து வரவில்லை.

வள்ளுவர் வாய்மைக்கு ஓர் அதிகாரமே வைத்தார். அங்கே அவர், நடந்ததை நடந்தபடி ஒப்பிப்பதுதான் வாய்மை என்று இலக்கணம் சொல்லவில்லை. பிறருக்குத் தீங்கு தராத சொல் எதுவோ அதுதான் வாய்மை என்றார். அந்த அளவுகோலால் அளந்தால், “பதினைந்து” என்ற உண்மை தீங்கு. “பதினெட்டு” என்ற பொய் வாய்மை!

நடுவர்: ஐயா, ஒரு பொய் ஒருத்தரைக் காப்பாத்தி, அதனால இன்னொருத்தர் போயிட்டா?

நல்ல கேள்வி ஐயா. எதிரணி கேட்க வேண்டியதை நீங்களே கேட்டுட்டீங்க. இதற்குப் பதில் சொல்லாமல் போனால் என் பேச்சு நேர்மையாகாது.

அப்படியும் நடந்தது. அதே புக்கன்வால்டில் 1944 செப்டம்பரில் 200 சிறுவர்களை ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப் பட்டியல் போட்டார்கள். அதில் மூன்று வயதுக் குழந்தை ஒன்று. கைதிகள் அந்தக் குழந்தையின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்கச் செய்தார்கள். குழந்தை பிழைத்தது. ஆனால் பட்டியலில் எண்ணிக்கை குறையக் கூடாதே. அந்த இடத்தில் வந்த பெயர் வில்லி ப்ளூம். 16 வயது, சிந்தி இனத்துச் சிறுவன். அந்த ரயிலில் போன தன் தம்பியை விட்டுப் பிரிய மாட்டேன் என்றுதான் அவன் போனான் என்று ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். இருவரும் ஆஷ்விட்ஸிலிருந்து திரும்பவில்லை.

இன்னும் ஒன்று. பக்கத்தில் படுத்திருந்தவர் இரவில் இறந்துபோனதைச் சொல்லாமல், அவருக்கான ரொட்டித் துண்டையும் வாங்கிச் சாப்பிட்டவர்கள் உண்டு. பிழைத்து வந்த பிறகும் அந்த ரொட்டி அவர்கள் தொண்டையிலேயே நின்றது.

அதனால், அங்கே சொன்ன எல்லாப் பொய்யும் இனித்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வில்லி ப்ளூம் சாவுக்கு யார் பொறுப்பு? ஒரு குழந்தையைக் காப்பாற்ற நினைத்த கைதியா, இல்லை இருநூறு பிள்ளைகள் வேண்டும் என்று கணக்குக் கேட்டவனா? பட்டியல் போட்டவனை விட்டுவிட்டு, பேரை அடித்தவனைக் கூண்டில் ஏற்றினால் அது நீதி ஆகாது. இரண்டு உயிரில் ஒன்றைத்தான் காப்பாற்றலாம் என்ற நிலையை உண்டாக்கியவன்தான் குற்றவாளி. அந்த நிலையில் சிக்கியவன் அழலாம். அவனைக் குற்றவாளி என்று சொல்ல, சாப்பிட்டுவிட்டு வந்து மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிற நமக்கு உரிமை இல்லை. (நீண்ட கைத்தட்டல்)

மணி அடிச்சிட்டாங்க. ஒரே ஒருவரைச் சொல்லி முடிச்சுக்கறேன் ஐயா.

“ஒருமுறை பொய்க்கு இடம் கொடுத்தால் அது பழக்கமாகிவிடும்” என்று எதிரணியில் சொன்னார்கள். பழக்கமானதா, பார்ப்போம். வால்டர் ரோசன்பர்க் என்று ஸ்லோவாக்கியாவைச் சேர்ந்த இளைஞர். 1942-ல் ஆஷ்விட்ஸுக்குக் கொண்டுவரப்பட்டவர். ரயில் வந்து நிற்கும் மேடையில் வேலை. பிறகு முகாமில் எழுத்தர். எந்த ஊர் ரயில், எத்தனை பேர், எத்தனை பேர் உள்ளே வந்தார்கள், எல்லாவற்றையும் காகிதம் இல்லாமல் மனப்பாடம் செய்தார். 1944 ஏப்ரலில் அவரும் ஆல்பிரட் வெட்ஸ்லர் என்ற நண்பரும் மரக்கட்டைக் குவியலுக்குள் மூன்று நாள் ஒளிந்திருந்தார்கள். மோப்ப நாயை ஏமாற்ற, பெட்ரோலில் நனைத்த புகையிலையைச் சுற்றிலும் தூவியிருந்தார்கள். நான்காம் நாள் இரவு தப்பி, கால்நடையாகவே ஸ்லோவாக்கியா போய்ச் சேர்ந்தார்கள். அங்கே இரண்டு பேரையும் தனித்தனி அறையில் வைத்துக் கேட்டு, பொருத்திப் பார்த்து, ஓர் அறிக்கை எழுதினார்கள். அந்த அறிக்கை வெளியே போனது. உலகின் பல பக்கத்திலிருந்தும் ஹங்கேரிக்கு வற்புறுத்தல் வந்தது. ஜூலை மாதம் ரயில்கள் நின்றன. புடாபெஸ்ட் நகரத்தில் மிஞ்சியிருந்த சுமார் 2 லட்சம் யூதர்கள் அப்போதைக்கு அந்த ரயிலிலிருந்து தப்பினார்கள்.

தப்பி வந்தவருக்கு மறைந்து வாழ ஒரு போலிச் சான்றிதழ் கொடுத்தார்கள். அதில் இருந்த பொய்ப் பெயர் ருடால்ஃப் வர்பா. போர் முடிந்தது. ஆபத்து போனது. ஆனால் அவர் அந்தப் பெயரை விடவில்லை. சட்டப்படி அதையே தம் பெயராக்கிக்கொண்டார். கனடாவில் பேராசிரியர் ஆனார். 1985-ல் டொராண்டோ நீதிமன்றத்தில், இந்தப் படுகொலையே நடக்கவில்லை என்று புத்தகம் போட்ட ஒருவர் மேல் வழக்கு. அங்கே போய் சாட்சிக் கூண்டில் நின்று, குறுக்கு விசாரணைக்கெல்லாம் அசராமல், நடந்ததை நடந்தபடி சொன்னார். பெயர் பொய்ப் பெயர். சொன்னதெல்லாம் உண்மை!

வயதை மாற்றிச் சொன்ன எலீ வீசல் என்ன செய்தார்? 1958-ல் தாம் பார்த்ததைப் புத்தகமாக வெளியிட்டார். அதில் தாம் சொன்ன பொய்யையும் மறைக்காமல் எழுதினார். 1986-ல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றார். 2016-ல் மறையும் வரை சாட்சி சொல்லிக்கொண்டே இருந்தார். கொலை செய்தவர்கள் போர் முடியும் நேரத்தில் அறைகளை வெடிவைத்துத் தகர்த்தார்கள், காகிதங்களைக் கொளுத்தினார்கள். பொய் சொல்லிப் பிழைத்தவர்கள்தான் உண்மையைச் சுமந்து வந்தார்கள்.

நடுவர் ஐயா அவர்களே! அவர்கள் பொய் சொன்னது உயிர் பிழைக்க. உயிர் பிழைத்தது உண்மையைச் சொல்ல. அந்த ஒரு பொய் இல்லையென்றால், இந்த உண்மைகளைச் சொல்ல இன்றைக்கு ஆள் இல்லை. ஆகவே, பொய் எந்நிலையிலும் குற்றமே என்று சொல்வதற்கு முன்னால், ஆஷ்விட்ஸ் ரயில் மேடையில் நின்ற அந்தப் பதினைந்து வயதுப் பிள்ளையின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, நல்ல தீர்ப்பு வழங்க வேண்டும் என்று கேட்டு அமர்கிறேன்.

(கைத்தட்டல்)